கோடைதோறும் ஒரு சாலை

மணாலியையும் லேவையும் இணைக்கும் சாலை, வரைபடத்தில் தேசிய நெடுஞ்சாலை 3 என்ற பெயரில் கிட்டத்தட்ட 430 கிலோமீட்டருக்கு ஒரே அழுத்தமான கோடாக ஓடுகிறது. வரைபடத்தை நம்பி டிசம்பரில் கிளம்பினால் பாதியிலேயே நின்றுவிடுவீர்கள். ஆண்டில் ஐந்தாறு மாதம் அந்தக் கோட்டின் நடுப்பகுதி பனிக்கு அடியில் கிடக்கும். மார்ச் வாக்கில் தெற்கிலிருந்து ஒரு கூட்டமும் வடக்கிலிருந்து ஒரு கூட்டமும் புல்டோசர்களோடும் பனியை வாரி வீசும் எந்திரங்களோடும் மேலே ஏறத் தொடங்கும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்து, வண்டி போகுமளவுக்கு வழி உண்டான பிறகுதான் அந்த ஆண்டுக்குச் சாலை என்று ஒன்று பிறக்கிறது. மானாவாரி வெள்ளாமை மாதிரி. போன வருஷம் விளைந்தது போன வருஷத்தோடு சரி. இந்த வருஷத்துக்கு மறுபடி முதலிலிருந்து.

இங்கே போவதென்றால் மோட்டார் சைக்கிள்தான் என்று இப்போது ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. புல்லட்டின் பக்கவாட்டில் பெட்ரோல் கேன் கட்டிய படம் இல்லாவிட்டால் லடாக் போய்வந்ததற்குச் சாட்சியே கிடையாது. நான் போனது ஒரு ஜூன் மாதம், இமாச்சல அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் டெல்லி–லே பேருந்தில். ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய தடம். கோடையில் மட்டும் ஓடுவது. வழியில் ஓட்டுநர்கள் மாறுவார்கள். இரவு கேலாங்கில் நின்று விடிகாலையில் கிளம்பும். மணாலியில் ஏறிக்கொண்டேன். பேருந்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு மேலே ஏதோ வேலை இருந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நானும், முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு ஜெர்மன்காரரும்தான். அவருடைய சைக்கிள் கூரைமேல் கட்டிக் கிடந்தது.

மணாலியிலிருந்து 25 கிலோமீட்டரில் அடல் சுரங்கம் வந்துவிடுகிறது. 9.02 கிலோமீட்டர் நீளம், கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல். 2020 அக்டோபர் 3 அன்று திறந்தார்கள். அதுவரை எல்லா வண்டியும் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயில் ஏறித்தான் இறங்கின. சுரங்கம் 46 கிலோமீட்டரை மிச்சப்படுத்திவிட்டது. தோண்டியபோது நடுவில், மேலே ஓடும் சேரி நாலா என்ற ஓடைக்கு அடியில், சுமார் 600 மீட்டர் நீளத்துக்குப் பாறை நொறுங்கிப்போயிருந்தது. தண்ணீரும் சேறும் பொங்கிப் பொங்கி உள்ளே வர, அந்தத் துண்டைக் கடக்க மட்டும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன. இப்போது பத்து நிமிஷப் பயணத்தில், அந்த 600 மீட்டர் எங்கே வந்தது எங்கே போனது என்று தெரிவதில்லை.

தெற்கு வாசலில் நுழையும்போது தேவதாரு, ஈரம், மேகம். வடக்கு வாசலில் வெளியே வந்தால் பழுப்பு மலை, நீல வானம். பருவமழையைப் பீர் பஞ்சால் தொடர் தடுத்து நிறுத்திவிடுவதால் அந்தப் பக்கம் லாஹௌல் பள்ளத்தாக்கு காய்ந்து கிடக்கிறது. பனியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து உருளைக்கிழங்கும் பட்டாணியும் போடுகிறார்கள். என் பக்கத்தில் இருந்த முதியவர் லாஹௌல்காரர். குல்லுவில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். சுரங்கம் வருவதற்கு முன்பு, குளிர்காலத்தில் ரோத்தாங் மூடிவிட்டால் அரசாங்க ஹெலிகாப்டர் ஒன்றுதான் வெளியே போக வழியாக இருந்தது என்றார். நோயாளிக்கு இடம் கிடைக்க வேண்டும், அன்றைக்கு வானமும் தெளிய வேண்டும். 

“இப்போ எப்படி இருக்கு சாச்சாஜி?” என்று கேட்டேன். 

“பிரசவத்துக்குப் பயமில்லை பேட்டா. ஆனா ஞாயித்துக்கிழமையானா சிஸ்ஸுவுல ரோட்டைக் கடக்கறதுக்குப் பயமா இருக்கு.” 

சிஸ்ஸு சுரங்கத்துக்கு அப்பால் வரும் முதல் பெரிய ஊர். பஞ்சாப், ஹரியானா, டெல்லி வண்டிகள் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாலையே திரும்பும் இடம். ஆற்றங்கரை முழுக்க ஜிப்லைன் கம்பிகள், மேகி கடைகள், வாடகைக்குக் கம்பளிக் கோட்டு.

தாண்டியில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடி சந்திரபாகா ஆகின்றன. ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்ததும் அதுவே செனாப். அங்கிருந்த பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று எழுதிய பலகை புகழ்பெற்றது. பைக்காரர்கள் அதன்முன் படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.

கேலாங்கில் இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். மாவட்டத் தலைநகர் என்றாலும் மலைச்சரிவில் ஒட்டிய ஒற்றைக் கடைத்தெருதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் மொரேவிய சபையினர் இங்கே வந்து தங்கினார்கள். திபெத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்காததால் வாசலிலேயே கூடாரம் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அவர்களில் ஒருவரான யெஷ்கே இந்த ஊரில் உட்கார்ந்து திபெத்திய மொழியைப் படித்துத் தொகுத்த அகராதி 1881இல் வெளியாகி, இன்றும் அறிஞர்கள் புரட்டும் நூலாக இருக்கிறது. இதே சபையினர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தவர்கள். கடலோர வெக்கையில் அவர்கள் வேர்பிடிக்கவில்லை. கேலாங்கிலும் சபை பெரிதாக வளரவில்லை, அகராதிதான் நின்றது.

கேலாங்கின் உயரம் 3,080 மீட்டர். அங்கே ஓர் இரவு தூங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே போகப்போக ஆக்சிஜன் “குறைகிறது” என்கிறோம். காற்றில் அதன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான்; குறைவது காற்றின் அழுத்தம். 5,300 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். மூச்சை நிறைத்து இழுத்தாலும் நுரையீரலுக்குள் வருவது பாதிச் சரக்கு. உடம்பு உடனே மூச்சைக் கூட்டுகிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்ய ஓரிரு நாட்களாவது வேண்டும். அந்த அவகாசம் கொடுக்காதவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. பிடிவாதக்காரர்களுக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். அது ஆளைக் கொல்லும். டயாமாக்ஸ் மாத்திரை சிறுநீரகத்தின் வேலையைச் சற்றே வேகப்படுத்தும், அவ்வளவுதான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. பகலில் எவ்வளவு உயரம் தொட்டு இறங்கினாலும் ஓரளவு தாங்கும்; தலைவைத்துப் படுக்கும் இடம்தான் முக்கியம்.

இந்தக் கணக்கில் பேருந்தைப் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர், கேலாங் 3,080, லே 3,500. விதியைக் கிட்டத்தட்ட அப்படியே கடைப்பிடிக்கிறது. நல்ல கூடாரம், வெந்நீர், மெத்தை என்று பணம் கட்டிப் போகிறவர்களைப் பல சுற்றுலா நிறுவனங்கள் முதல் இரவே சர்ச்சூவில் படுக்கவைக்கின்றன. அது 4,290 மீட்டர். மணாலியில் காலைச் சிற்றுண்டி சாப்பிட்டவர்கள் அன்று நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெத்தைக்குக் கொடுத்த காசு தண்டம்.

காலை ஐந்து மணிக்குக் கேலாங் பேருந்து நிலையத்தில் புதிதாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். எல்லாரும் இளைஞர்கள், மெலிந்தவர்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் சாக்கு, சுருட்டிய கம்பளி. ஜார்க்கண்டின் தும்கா பக்கத்தவர்கள். நடத்துநர் அவர்களிடம் ஊர்ப் பெயர் கேட்கவில்லை. எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்டுத்தான் சீட்டுக் கொடுத்தார். சாலை வேலைக்காரர்களின் முகாம்களுக்குப் பெயர் கிடையாது, கல்தான் முகவரி. 

முன்சீட்டில் மழித்த தலையோடு இருந்தவர் என் கைப்பையில் இருந்த வார இதழைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “சார் தமிழா?”

“ஆமா தம்பி. நீங்க?”

“வேலூர் பக்கம் சார். லீவு முடிஞ்சு போறேன்.” 

லேயில் போய்ச் சேர்ந்ததும் நேரே காவலுக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். சிரித்தார். “லே உயரத்துக்கே ஆறு நாள் பழக்குவாங்க சார். மொத ரெண்டு நாள் சும்மா உட்கார வெச்சிருவாங்க. அதுக்கு மேல போஸ்ட்டுன்னா மறுபடி நாலு நாள், அதுக்கும் மேலன்னா இன்னும் நாலு நாள்.” பிறகு பின்சீட்டுப் பையன்களைக் கண்ணால் காட்டி, “இவங்களுக்கு அதெல்லாம் யாரு பாக்குறா” என்றார்.

இந்தச் சாலையைப் போடுவதும் காப்பதும் 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு. ஆங்கிலச் சுருக்கத்தில் பி.ஆர்.ஓ. பொறியாளர்களும் எந்திர ஓட்டுநர்களும் அதன் ஆட்கள். கல் உடைப்பது, தாரைக் காய்ச்சுவது, சரிவை வாருவது, கால்வாயை அடைப்பெடுப்பது எல்லாம் பருவக் கூலிகள். சந்தால் பழங்குடியினர் மிகுந்த தும்கா வட்டாரத்திலிருந்து பல பத்தாண்டுகளாக ஆட்கள் வருகிறார்கள். ‘மேட்’ என்று அழைக்கப்படும் தரகர் ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். கூலியில் அவருக்கும் ஒரு வெட்டு உண்டு. 2020 மே மாதக் கடைசியில், ஊரடங்கில் லேயில் சிக்கிக்கொண்ட அறுபது தொழிலாளர்களை ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ராஞ்சிக்குக் கொண்டுபோனது. நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த மாதமே தும்காவிலிருந்து தனி ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுபடி லடாக் சாலை வேலைக்குக் கிளம்பினார்கள், முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கூலி நேரே வங்கிக்கணக்கில் போக வேண்டும், தரகர் கூடாது என்றெல்லாம் அப்போது நிபந்தனை பேசப்பட்டது. என் பின்சீட்டுப் பையனிடம் எப்படி வேலைக்கு வந்தாய் என்று கேட்டேன். “மேட் கூட்டிட்டு வந்தார் பையா” என்றான்.

தார்ச்சாவில் போலீஸ் சோதனை, பரோட்டா, டீ. பாகா ஆற்றின் அகன்ற கூழாங்கல் படுகையின்மேல் 360 மீட்டருக்கு ஒரு புதுப் பாலம். இங்கிருந்து இடது பக்கம் பிரியும் சாலை ஷிங்கு லா கணவாய் வழியாக ஸன்ஸ்கார் போய் லே பக்கம் இறங்குகிறது. ஷிங்கு லாவுக்குக் கீழே 4.1 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுவதற்கு 2024 ஜூலையில் முதல் வெடி வைத்தார்கள். அது முடிந்தால் ஆண்டு முழுவதும் லே போகலாம் என்பது திட்டம். அப்போது நான் போய்க்கொண்டிருந்த சாலையின் கதி என்ன என்று ஓட்டுநரைக் கேட்டேன். “அதுவும் இருக்கும், இதுவும் இருக்கும். ராணுவம் ஒரு ரோட்டை நம்பி இருக்காது” என்று டீயை உறிஞ்சினார்.

தார்ச்சாவைத் தாண்டினால் மரம் முடிகிறது. ஸிங்ஸிங்பாருக்கு மேலே பனிச் சுவர்கள் தொடங்கின. பேருந்தின் கூரைக்கு மேலேயும் உயர்ந்து நின்ற சுவரில், எந்திரத்தின் பற்கள் சீவிய வரிவரியான தடம். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. இடையிடையே புழுதி படிந்த பழுப்புக் கோடுகள். சூரஜ் தால் ஏரி பாதி உறைந்திருந்தது. பாகா அங்கிருந்துதான் புறப்படுகிறது.

தார் கிழிந்து கிடந்த இடங்களைப் பார்த்துத் தரக்குறைவான வேலை என்று சொல்லத் தோன்றும். காரணம் வேறு. பகலில் உருகும் தண்ணீர் தாரின் விரிசல்களுக்குள் இறங்குகிறது, இரவில் உறைகிறது, உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. உள்ளேயிருந்து ஆப்பு அடித்துப் பிளக்கிறது என்று வையுங்கள். மறுநாள் பகலில் அந்தப் பிளவுக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீர். இதைச் செய்யக் குளிர்காலம்கூட வேண்டாம், ஜூன் மாத இரவே போதும். தாரைப் போடுவதற்கோ தரை சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூடு ஆண்டில் நாலு மாதம் கிடைத்தால் அதிகம். அதனால்தான் கணவாய் உச்சிகளிலும் ஓடை குறுக்கிடும் இடங்களிலும் தாருக்குப் பதில் சிமெண்டுக் கற்களைக் கோத்துப் பதிக்கிறார்கள். ஓடைகளுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறிப் பனியாறு உருகியதும் பிற்பகலில் சக்கரம் மூழ்க ஓடும். கேலாங்கில் ஐந்து மணிக்கே கிளப்புவது அதற்காகத்தான்.

பாரலாச்சா லா, 4,890 மீட்டர். கொடித் தோரணங்களைத் தவிரக் கணவாய் என்று காட்டிக்கொள்ள எதுவும் இல்லை. நீண்ட, தட்டையான வெள்ளை மேடு. ஆனால் தண்ணீர் இங்கே பிரிகிறது. தெற்கே வழிவது சந்திராவாகவும் பாகாவாகவும் போய்ச் செனாபில் சேரும். வடக்கே வழிவது யூனம் என்ற ஆறாகிச் சாரப்பில் விழுந்து, ஸன்ஸ்காராகி, சிந்துவில் கலக்கும். இரண்டும் பல நூறு மைல் சுற்றிவிட்டுப் பாகிஸ்தானில், மிதன்கோட் பக்கத்தில், மறுபடி ஒன்றாகின்றன. 

1820இல் வில்லியம் மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயர் இந்தக் கணவாய் வழியாக லே போனார். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட கால்நடை மருத்துவர். மத்திய ஆசியாவில் நல்ல குதிரை வாங்கிவருகிறேன் என்று கிளம்பியவர். லேயில் மட்டும் இரண்டு ஆண்டுகள் தங்கிவிட்டார். குதிரைகளோடு ஊர் திரும்பவில்லை. 1825இல் ஆப்கானிஸ்தானில் இறந்தார். அவருக்கு முன்னும் பின்னும் இந்த வழியே உப்பும் கம்பளியும் பஷ்மினாவும் இறங்கின, தானியமும் துணியும் ஏறின.

பரத்பூர் கூடாரங்களைத் தாண்டிச் சர்ச்சூ வரும்போது தலைவலி எனக்கும் லேசாக எட்டிப்பார்த்தது. பின்சீட்டில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தான். அடுத்த வரிசையில் இருந்த லடாக்கி மூதாட்டி, பூத்தையல் போட்ட பையிலிருந்து உலர்ந்த ஆப்ரிகாட்டுகளை எடுத்து அவனுக்கும் எனக்கும் கொடுத்தார். “ஜூலே, ஆமா-லே” என்று வாங்கிக்கொண்டேன். மகன் சண்டிகரில் படிக்கிறானாம். இறங்கி ஓடாதே, குனியாதே, நிறையத் தண்ணீர் குடி என்று அந்தப் பையனுக்கு அவர் இந்தியில் சொன்ன அறிவுரை, அவன் பயணத்தில் கேட்ட ஒரே மருத்துவ ஆலோசனையாக இருந்திருக்கும்.

சர்ச்சூவில் இமாச்சல் முடிந்து லடாக் தொடங்குகிறது. பிராந்தி நாலா, விஸ்கி நாலா என்று அடுத்தடுத்து ஓடைகள். பெயர் வைத்தவர்கள் குளிரில் எதை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று யூகிக்கலாம். நடுவே காட்டா லூப்ஸ்: 21 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளில் போய்வந்தவர்களுக்கு எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கே கீழ் வளைவே 4,100 மீட்டருக்கு மேல். டீசல் எஞ்சினும் நம்மைப் போலவே பாதி மூச்சில் முக்குகிறது. 

அந்த வளைவுகளில் ஒன்றில் ஒரு சின்ன மாடம். முன்னால் தண்ணீர் பாட்டில்கள் குவியலாகக் கிடக்கின்றன, நூற்றுக்கணக்கில். கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும். சாலை மூடப்போகும் அக்டோபரில் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றது. டிரைவர் உதவி தேடி நடந்தார். காய்ச்சலில் இருந்த கிளீனர் வண்டிக்குக் காவலாக இருந்தான். பனி கொட்டியது. நாட்கள் கழித்து ஆட்கள் வந்தபோது அவன் தாகத்தோடு செத்துக் கிடந்தான். அதன்பின் போகிற வருகிற வண்டிகளை நிறுத்தித் தண்ணீர் கேட்க ஆரம்பித்தான். எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், நடத்துநர் ஒரு பாட்டிலை வீசினார், யாரும் பேசவில்லை. அகால மரணம் அடைந்தவனுக்கு நடுகல் நட்டுப் படையல் வைத்த ஊரிலிருந்து போகிறவனுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. சாலை நெடுகப் பணியில் இறந்தவர்களுக்குப் பி.ஆர்.ஓ. எழுப்பிய நினைவுக் கற்களும் இருக்கின்றன, பெயரும் தேதியும் பொறித்து. வண்டிகள் நிற்பதோ பெயர் தெரியாத கிளீனருக்கு. (பிளாஸ்டிக் குவியலை அள்ளிக் கீழே கொண்டுபோவதற்கு யாராவது ஒரு வேண்டுதலைக் கண்டுபிடித்தால் நல்லது.)

லாச்சுங் லா 5,065 மீட்டர். இறங்கினால் பாங். காற்று அரித்துத் தூண்தூணாக நிறுத்திவைத்த மலைகளுக்கு நடுவே ராணுவத்தின் இடைத்தங்கல் முகாம், எதிரே வரிசையாகக் கூடாரக் கடைகள். கடைகளை நடத்துவது லடாக்கிப் பெண்கள். மே மாதம் வந்து கூடாரம் அடித்து, செப்டம்பர் கடைசியில் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். 4,600 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி எளிதில் வேகாது, ராஜ்மா கேட்கவே வேண்டாம். ஆகவே கூடாரத்துக்குக் கூடாரம் பிரஷர் குக்கர் விசில். ராஜ்மா சாவல் சாப்பிட்டேன். பயறு நன்றாகவே வெந்திருந்தது. கடைக்காரப் பெண்மணி தும்கா பையன்களுக்கு இரண்டாவது முறை சாதம் போட்டதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

பாங்கிலிருந்து ஒரு செங்குத்தான ஏற்றம். அதன் தலைப்பில் மலை திடீரென்று விலகிவிடுகிறது. மோரே சமவெளி: 4,700 மீட்டர் உயரத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு நேர்ச்சாலை. காலையிலிருந்து இரண்டாம் கியரில் வந்த பேருந்து முதல்முறையாக ஓடியது. தூரத்தில் கியாங் என்னும் காட்டுக் கழுதைகள். அதற்கும் அப்பால் சாங்பா இடையர்களின் ஆட்டு மந்தை. பஷ்மினா இந்த ஆடுகளின் அடிமயிர். தட்டையான நிலம், ஆண்டு முழுக்க வெயில், ஓயாத காற்று. இடையர்களுக்குப் பிடித்த அதே காரணங்களுக்காக மின்சாரத் துறைக்கும் இந்த இடம் பிடித்துப்போயிற்று. பாங் வட்டாரத்தில் 13 ஜிகாவாட் சூரிய, காற்றாலைப் பூங்கா வரப்போகிறது. மின்சாரத்தைக் கீழே கொண்டுபோகும் தடத்துக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மேய்ச்சல் நிலம் பறிபோகும் என்று லடாக்கில் எதிர்ப்பு இருக்கிறது. பஷ்மினாவும் வேண்டும், கரியில்லாத மின்சாரமும் வேண்டும் என்பவர்கள் டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிறோம்; இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் இங்கே.

சமவெளி முடிகிற இடத்தில், ஒரு கிலோமீட்டர் கல்லருகே, தும்கா பையன்கள் இறங்கினார்கள். தகரத் தடுப்பும் தார்ப்பாயும் கலந்த ஏழெட்டுக் கொட்டகைகள். ஒரு ரோடு ரோலர். கறுத்த தார் டிரம்கள். எங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு எதுவும் இல்லை. அவர்கள் படுத்துத் தூங்கப்போகும் உயரம் சர்ச்சூவைவிடவும் அதிகம். வாந்தி எடுத்த பையன் சாக்கைத் தோளில் போட்டதும் நான்கடி நடந்துவிட்டு நின்றான், மறுபடி நடந்தான். 

தங்லங் லா, 5,328 மீட்டர். இந்தச் சாலையின் உச்சி. ஓட்டுநர் ஐந்து நிமிஷம் நிறுத்தினார். ஜெர்மன்காரர் கூரைமேலிருந்த சைக்கிளை ஏக்கத்தோடு பார்த்தார். வளைவுக்கு அப்பால் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்ட ஒரு கும்பல் கையால் ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகச்சொல்லி, காதலியைக் கொஞ்சுகிற தொனியில் ஆங்கில எதுகை மோனையோடு மஞ்சள் பலகைகளை நட்டிருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அவை விருப்பம். எனக்கு நாலாவது பலகையிலேயே சலித்துவிட்டது.

இறக்கத்தில் ரும்ட்சே, கியா. பல மணி நேரத்துக்குப் பிறகு மரமும் பார்லி வயலும் வெள்ளைத் தூபியும். பாறைகள் இங்கே ஊதாவாகவும் பச்சையாகவும் செங்குத்தாகவும் நிற்கின்றன. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோத ஆரம்பித்து ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. இரண்டும் சேர்ந்த தையலை ஒட்டித்தான் சிந்து ஓடுகிறது. உப்ஷியில் ஆறு தென்பட்டதும் முன்சீட்டுப் பட்டாளக்காரர் எழுந்து பையைச் சரிசெய்துகொண்டார். காருவில் இறங்கும்போது, “ரெண்டு நாள் மாடிப்படிகூட ஏறாதீங்க அண்ணே” என்றார்.

லேயின் கடைத்தெருவில் கர்துங் லாவின் உயரம் 18,380 அடி என்று அச்சிட்ட சட்டைகள் தொங்குகின்றன. உலகத்தின் உயரமான வண்டிப்பாதை என்ற பழைய பெருமை அது. அளந்து பார்த்தவர்கள் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி என்று சொல்லி வெகுகாலம் ஆயிற்று. கிழக்கு லடாக்கில் உம்லிங் லாவில் பி.ஆர்.ஓ. போட்ட சாலை 19,024 அடியைத் தொட்டு 2021இல் கின்னஸிலும் ஏறிவிட்டது. ஆனாலும் சட்டை விற்கிறது. 

மறுநாள் மாலை திரும்பும் பேருந்தின் நேரம் கேட்கப் பேருந்து நிலையத்துக்கு மெல்ல நடந்து போனேன். சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் எங்கள் நடத்துநர் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கம்பளி போர்த்திய ஒரு தொழிலாளி. நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்து அன்று காலைதான் வெளியே வந்தவன். ஜார்க்கண்ட் போக வேண்டும். கேலாங் வழிதான் மலிவு என்று மேட் சொல்லி அனுப்பியிருக்கிறார். 

நடத்துநர் சீட்டுக் கொடுக்க விடவில்லை. “இந்த வண்டி மறுபடி தங்லங் லா ஏறணும்டா. பாங், பாரலாச்சா எல்லாம் இருக்கு. நீ ஸ்ரீநகர் பக்கம் போ. அந்த வழியில பெரிய கணவாயே ஃபோட்டு லாதான், 4,100 மீட்டருக்குக் கொஞ்சம்தான் மேல. அதுக்கப்புறம் ஸோஜி லா இன்னும் கம்மி. ஜம்மு போய் ரயிலைப் பிடி.” 

கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று அவன் கேட்டான். நடத்துநர் ஒரு துண்டுத் தாளில் கூட்டிக் காட்டினார். அவன் அதை மடித்து வைத்துக்கொண்டு, மேட்டைக் கூப்பிடப் போனை எடுத்தான்.